தம்பியை ஆண்டவர் அழைத்துக்கொண்டார்

மிரியம் தன் அறுபத்தொரு வயதில் முதன்முதலாக எழுதிய கிறிஸ்மஸ் கடிதத்தில் ஒரே ஒரு சொல்தான் விடுபட்டுப் போனது. நாய் என்ற சொல். அது மட்டும் இருந்திருந்தால் அந்தக் கிறிஸ்மஸ் வழக்கம்போல் கேக்கும் கரோலுமாகக் கழிந்திருக்கும். அவளும் ஒன்றுமே தெரியாதவளாக இருந்திருப்பாள்.

வட்டுக்கோட்டையில் இருக்கிற அந்த வீட்டிலிருந்து மார்கழி தோறும் ஒரு கடிதம் போகும். கனடா, லண்டன், நோர்வே என்று சிதறிக் கிடக்கிற சொந்தங்களுக்கு, அந்த ஆண்டு பேரப்பிள்ளைகள் என்ன செய்தார்கள், பூனை எத்தனை குட்டி போட்டது, மிரியம் ஓலையிலும் முட்டைக்கோதிலும் என்னென்ன செய்து வைத்தாள் என்று இரண்டு பக்கம். முன்பு தபாலில் போனது, இப்போது வட்ஸ்அப்பில் குடும்பக் குழுவுக்குப் போகிறது. எழுதுகிறவர் அவள் கணவர் ஞானரட்ணம். முப்பத்தைந்து வருடம் தமிழ் படிப்பித்த மனிதர், ஒரு கமா கூடப் பிசகாது. இந்த வருடம் கண்ணில் ஒப்பரேசன். எழுதவும் கூடாது, வாசிக்கவும் கூடாது, வெளியில் திரியவும் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “நான் சொல்லச் சொல்ல நீர் எழுதும்” என்றார்.

“நீங்கள் சொல்லி நான் எழுதவோ? ஏன், எனக்குக் கை இல்லையோ?” என்று மிரியம் கொப்பியை இழுத்துக்கொண்டாள்.

நன்றாகத்தான் எழுதினாள். தை மாதம் மகள் நிரோஜினிக்கு நோர்வேயில் இரண்டாவது பெண்பிள்ளை. சித்திரையில் பூனை அலுமாரிக்குள் புகுந்து, அவளுடைய கல்யாணச் சேலைக்கு மேலேயே நாலு குட்டி. ஆவணியில் ஆலய விற்பனைக்கு நூற்றிருபது ஓலை நட்சத்திரம், முட்டைக்கோதில் ஒரு மாட்டுத்தொழுவம். பிறகு இப்படி எழுதினாள்:

‘கார்த்திகை பதினெட்டாம் திகதி எங்கள் தம்பியை ஆண்டவர் அழைத்துக்கொண்டார். கடைசி மூன்று நாளும் தண்ணீர் கூட இறங்கவில்லை. என் மடியில்தான் உயிர் போனது. வீட்டு வளவில் மாமரத்துக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம்.’

தம்பி என்றால் அந்த ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும், மண்ணிற ஊர்நாய். எழுதி முடித்துக் கணவருக்கு வாசித்தும் காட்டினாள். ஞானரட்ணம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நல்லாய் எழுதியிருக்கிறீர்” என்றார். இருவருக்கும் தம்பி நாய் என்று தெரியும். தெரிந்தவர்களுக்கு எப்படிப் பிழை பிடிபடும்? பத்து வருடக் கடிதங்களில் அவர் ‘எங்கள் வீட்டு நாய்’ என்று மட்டுமே எழுதி வந்திருக்கிறார், ஒரு தடவையாவது பெயரை எழுதவில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கடிதங்களை அவள் வாசித்தால்தானே!

அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கேட்டால், “வாயிலை வந்துது, வைச்சன்” என்பாள். பச்சைப் பொய். அவளுக்கு உண்மையிலேயே ஒரு தம்பி உண்டு. ஜொனதன். அவளிலும் எட்டு வயது இளையவன். நாற்பது வயது தாண்டும் வரைக்கும் கல்யாணமே வேண்டாம் என்றிருந்தவன், ஒரு நாள் கரையூர் மீனவக் குடும்பத்துப் பெண் பெர்னடெட்டைக் கூட்டிக்கொண்டு வந்து முன் விறாந்தையில் நின்று, “அக்கா, நான் கட்டப்போறது இவவைத்தான்” என்றான். மிரியத்தின் வாய் இருக்கிறதே, அது பொல்லாத வாய். “மீன் மணக்கிறவளை என்ரை மேசைக்குக் கொண்டராதை” என்று அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். ஜொனதன் பெர்னடெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனவன்தான்.

அடுத்த மாதம் வாசலில் வந்து கத்திய நாய்க்குட்டிக்கு மிரியம் தம்பி என்று பெயர் வைத்தாள். பத்து வருடமாக மூன்று வேளையும் “தம்பி, வா, சாப்பிடு” என்று கூப்பிட்டாள். ஜொனதன் இருந்தது சுன்னாகத்தில். ஓட்டோவில் அரை மணித்தியாலம். அங்கே போய் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டாளாம், நாயிடம் சொல்வாளாம். இவ்வளவு பிடிவாதம் ஒரு மனுஷிக்கு ஆகுமா?

கடிதம் போன மறுநாள் காலை, ஆலயத்துக்குக் கொடுக்க வேண்டிய கடைசி நட்சத்திரங்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கோதுமைமாப் பசை. தொலைபேசி அடித்தது. கனடாவிலிருந்து சித்தியின் மகள் தேவகுமாரி. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா… இப்பத்தான் பாத்தன்…” தேவகுமாரி விம்மினாள்.

மிரியத்துக்கு மனம் இளகிப்போனது. ஒரு நாய்க்காகக் கனடாவில் இருந்து எடுத்து அழுகிறாளே! “என்னடி செய்யிறது, பிறந்தால் போகத்தானே வேணும்.”

“நோவு இருந்ததோ அக்கா?”

“கடைசியிலை முனகினவன். ஊசி ஒண்டு போட்டது. பிறகு பேசாமல் கிடந்தவன்.”

“நீங்கள் மனம் மாறி மடியிலை வைச்சிருந்தியளே, அது போதும். எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார்.”

‘மனம் மாறியோ?’ மிரியம் பசையைத் துணியில் துடைத்தாள். தேவகுமாரி மூக்கைச் சிந்திவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். “கேக்கிறன் எண்டு குறை நினையாதேங்கோ. ஏன் வளவுக்குள்ளை தாட்டனீங்கள்? கோயில் சேமக்காலையிலை கல்லறை கட்டி வைச்சிருக்கலாமே.”

“உனக்கென்ன விசரே? நாயை ஆரடி சேமக்காலையிலை வைப்பான்?”

“அக்கா!” தேவகுமாரி வீரிட்டாள். “செத்த பிறகுமோ? அவர் உங்கடை கூடப்பிறந்ததல்லோ!”

அப்போதுதான் மிரியத்துக்குப் பொறி தட்டியது. சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “எடியேய், அது எங்கடை நாயடி! நாயின்ரை பேர்தான் தம்பி! ஜொனதனுக்கு ஒண்டுமில்லை!”

அந்தப் பக்கத்தில் சிரிப்பில்லை. பிறகு தேவகுமாரி மெல்லக் கேட்டாள்.

“அப்ப ஜொனதன் அண்ணை இன்னும் இருக்கிறாரோ?”

இன்னும். மிரியத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. நல்லாயிருக்கிற மனுஷனைப் பற்றி யாராவது ‘இன்னும் இருக்கிறாரோ’ என்று கேட்பார்களா?

“என்னடி சொல்லுறாய்? அவனுக்கென்ன?”

“அக்கா… நீங்கள் அத்தானிட்டைக் கேளுங்கோ.” தொடர்பு அறுந்தது.

அறை வாசலில் ஞானரட்ணம் நின்றார். கறுப்புக் கண்ணாடி இல்லை. முகம் வெளிறிப்போயிருந்தது. பாதிப் பேச்சைத்தான் கேட்டிருக்கிறார் போல. “எப்ப முடிஞ்சது?” என்றார். “பெர்னடெட் ஏன் எனக்கு அறிவிக்கேல்லை?”

மிரியம் ஓலைத் துண்டுகளுக்கு நடுவே அப்படியே இருந்துவிட்டாள்.

“உங்களுக்கு என்ன தெரியும்?”

“முதல்லை கொஞ்சம் தண்ணி குடியும், மிரியம்.”

“என்ன தெரியும் எண்டு கேக்கிறன்!”

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “வயித்திலை கான்சர். மாசியிலை கண்டுபிடிச்சது. வெட்டிப் பாத்திட்டு, இனி ஒண்டும் செய்யேலாது எண்டு திருப்பி மூடிப்போட்டினம்.”

மாசி! இது மார்கழி. ஒவ்வொரு சனிக்கிழமையும் இவர் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் வாங்கப் போனது நினைவுக்கு வந்தது.

“வெங்காயம்!” என்றாள். “அழுகி அழுகி எறிஞ்சனான். இரண்டு பேருக்கு ஏன் இவ்வளவு எண்டு கேட்டனான்.”

“ஓம். அங்கைதான் போனனான்.”

“வேறை ஆருக்குத் தெரியும்?”

“எல்லாருக்கும்.”

“நிரோஜினிக்கு?”

அவர் ஓமென்று தலையாட்டினார். பெற்ற மகளுக்குத் தெரியும். ஞாயிறு தோறும் கதைக்கிற மகள், அம்மா தைத்த குட்டிச் சட்டையைக் குழந்தைக்குப் போட்டுக் காட்டிச் சிரித்த மகள், மாமா சாகக் கிடப்பதைச் சொல்லவில்லை. “நான் என்ன அவ்வளவு பொல்லாதவளோ? ஏன் எனக்கு மட்டும் ஒளிச்சனீங்கள்?”

“அவன் எங்களிட்டைச் சத்தியம் வாங்கினவன்.” ஞானரட்ணம் அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். “அக்கா வரட்டும், ஆனா நான் சாகப்போறன் எண்டு கேள்விப்பட்டு வரக்கூடாது, சும்மா வரவேணும், என்னைப் பாக்கவேணும் போலை கிடந்தது எண்டு வரவேணும், இல்லாட்டில் வரவே வேண்டாம் எண்டவன். ஒவ்வொரு சனியும் நான் போகேக்கை எனக்குப் பின்னாலை எட்டிப் பாப்பான், நீர் வாறீரோ எண்டு. கண் வெட்டினாப் பிறகு மூண்டு கிழமையாய் நானும் போகேல்லை. இப்ப எப்பிடியோ தெரியாது.”

ஐயோ, பத்து மாதம்! பத்து மாதமும் அவள் அவனைப் பாராமல் நட்சத்திரம் ஒட்டியிருக்கிறாள்.

தொலைபேசி விடாமல் சிணுங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தாள். குடும்பக் குழுவில் நாற்பது பேர் இரங்கல் போட்டிருந்தார்கள். நாயின் பெயர் தெரிந்த நிரோஜினி மட்டும் இன்னும் பார்க்கவில்லை. யாரோ ஒருவர் ஜொனதனின் படத்துக்குக் கீழே விளக்கெரிய வைத்து, ‘கண்ணீர் அஞ்சலி’ என்று பூ வட்டம் வேறு போட்டிருந்தார். ஒருவராவது ‘ஐயோ, எப்படி, என்ன நடந்தது’ என்று கேட்கவில்லை. அத்தனை பேரும் எதிர்பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஞானரட்ணம் தொலைபேசியைப் பறித்து வாய்க்கருகே பிடித்து, “அது நாய்! செத்தது நாய்! தயவுசெய்து ஒருதரும் ஒண்டும் போடாதேங்கோ!” என்று குரலைப் பதிந்து அனுப்பினார். பிறகு பெர்னடெட்டின் இலக்கத்தை அழுத்தினார். நிறுத்தி வைத்திருந்தது.

உடுத்த உடுப்போடு ஓட்டோவில் ஏறினார்கள். வழி முழுக்க மிரியம் ஒன்றைத்தான் கேட்டாள்: “இருப்பானோ?” ஞானரட்ணம் ஒவ்வொரு தடவையும், “ஆண்டவர் கைவிடமாட்டார்” என்றார். அந்த ஆண்டவர் அழைத்துக்கொண்டார் என்று தன் கையாலேயே அல்லவா எழுதியிருந்தாள்!

பெர்னடெட் படலைக்குப் பின்னால் நின்றாள். அவள் படலையைத் திறக்கவில்லை.

“விடியத் தொடங்கி ஏழு பேர் எடுத்திட்டினம்,” என்றாள். “உயிரோடை இருக்கிற மனிசனுக்கு என்னட்டை அனுதாபம் சொல்லுகினம். போனை நிப்பாட்டிப்போட்டன். அவருக்கு ஒண்டும் தெரியாது.”

மிரியத்தின் காதில் விழுந்தது உயிரோடை என்ற சொல் மட்டும்தான். படலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “இருக்கிறானோ?”

“இருக்கிறார்.”

“பெர்னடெட், அண்டைக்கு நான்…”

“அது இப்ப வேண்டாம்.” பெர்னடெட் அவளை நேராகப் பார்த்தாள். “உங்களைக் கண்டதும் ஆர் சொன்னது எண்டுதான் கேப்பார். என்ன சொல்லப்போறியள்?”

மிரியம் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது என்றில்லை, நாயின் பெயர் விஷயத்தில் பத்து வருடம் சொன்னவள். “சும்மா வந்தனான் எண்டு சொல்லுறன்,” என்றாள்.

பெர்னடெட் கொளுக்கியைக் கழற்றினாள். “கிணத்தடியிலை முகத்தைக் கழுவிப்போட்டு வாங்கோ. அழுத முகத்தோடை போகாதேங்கோ. அத்தான், நீங்கள் பிறகு வாங்கோ. ரெண்டு பேரும் சேந்து போனால் பிடிச்சிடுவார்.”

மிரியம் அறைக்குள் போனாள். கட்டிலில் எலும்பும் தோலுமாக யாரோ ஒரு கிழவன் கிடந்தான். கண்ணைத் திறந்து பார்த்தபோதுதான் அது ஜொனதன்.

“அக்கா?”

“ஓமடா.”

அவன் கண் அவள் முகத்தில் அலைந்தது. “ஆர் சொன்னது?”

“ஆர் என்னத்தைச் சொல்லுறது?” மிரியம் கதிரையை இழுத்துப் போட்டாள். “கிறிஸ்மஸ் வருகுது. உன்னைப் பாக்கவேணும் போலை கிடந்தது. சும்மா வந்தனான். என்னடா இது, இப்பிடி மெலிஞ்சு போனாய்? காய்ச்சலோ?”

“ஓம்,” என்றான். “கொஞ்சம் காய்ச்சல்.”

அவள் அவன் கையைத் தன் மடியில் வைத்துத் தடவினாள். அந்தக் கை அப்படிச் சுடவும் இல்லை, குளிரவும் இல்லை. அவன் பார்வை அவள் கையிலிருந்து கதிரைக்கும், கதிரையிலிருந்து வாசலுக்கும் போனது. எதையோ தேடினான்.

“கிறிஸ்மஸுக்கு வந்தனி,” என்றான், “வெறுங்கையோடையோ?”

பக்கத்து வீட்டுக்குப் போவதென்றாலும் ஒரு பெட்டி பலகாரம் இல்லாமல் படி இறங்காதவள் அவள் என்று அவனுக்குத் தெரியாதா? மிரியம் தன் வெறுங்கையைப் பார்த்தாள். அவனுடைய முகம் மெல்ல மெல்ல வாடத் தொடங்கியது.

“ஆர் வெறுங்கையோடை வந்தது?” வாசலில் பெர்னடெட் நின்றாள். கையில் ஒரு தட்டு, அதில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையுமாகக் கிண்டிச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிய தொதல். “மச்சாள் கொண்டந்ததைக் குசினிக்கை வைச்சு வெட்டிக்கொண்டு நிக்கிறன், அதுக்குள்ளை உங்களுக்கு அவசரம்.”

ஒரு துண்டை எடுத்து மிரியத்தின் கையில் வைத்தாள். மிரியம் அதைக் கிள்ளித் தம்பியின் வாயில் கொடுத்தாள். அவன் மெல்லவில்லை, நாக்கில் வைத்துக் கரையவிட்டான்.

“பெர்னடெட் கிண்டுறது மாதிரியே கிடக்கு,” என்றான்.

மிரியம் நிமிர்ந்து பெர்னடெட்டைப் பார்த்தாள். “அவவிட்டைக் கேட்டுத்தான் கிண்டினனான்,” என்றாள்.

ஜொனதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். தலையணையிலிருந்து தலையைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை.

“அப்ப நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறனீங்களோ?”

பெர்னடெட் கட்டிலின் மற்றப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

“ஓம்,” என்றாள். “கதைக்கிறனாங்கள்.”