குறையாத டிரம்

நாய்த்தீனியைப் பையிலிருந்து அப்படியே டிரம்மில் கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பையோடுதான் உள்ளே இறக்க வேண்டும். அதன் வாயைச் சுருட்டிக் கிளிப் போட வேண்டும், காலாவதி தேதி கண்ணில் படுகிற மாதிரி. அப்புறம் ரப்பர் வளையம் வைத்த மூடி. நான் மருந்துக்கடையில் நாள் முழுக்க அலமாரி அடுக்குகிறவள். என் வீட்டு டிரம்முக்குள் எறும்புகூட என்னைக் கேட்காமல் நுழையாது.

அப்பேர்ப்பட்ட டிரம்மில் தீனி குறையவில்லை.

திருட்டுப் போனாலாவது கத்தித் தீர்க்கலாம். குறையாததற்கு யாரிடம் போய்க் கத்துவது? தினமும் காலையில் நான்தான் ஒரு கப் அள்ளி ஜமீனுக்குப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறேன். ஜமீன் எங்கள் நாய். படுத்த இடத்திலிருந்தே வீட்டை ஆளுவதால் அந்தப் பெயர். சாயங்காலம் வந்து பார்த்தால் தட்டு கழுவிவைத்தது போல இருக்கிறது. பையும் அப்படியே இருக்கிறது.

"நீங்க ஏதாவது புதுசா வாங்கிக் கொட்டினீங்களா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"டிரம்மு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதே! சந்தேகப் பிராணி, என்னை விடு."

அது உண்மைதான். உப்பு டப்பா எங்கே என்றே தெரியாத மனுஷன்.

மிச்சமிருப்பது மாமா. என் மாமனார். லாரி ஓட்டி ஓய்ந்தவர், பகலெல்லாம் ஜமீனுக்கு அவர்தான் துணை. கொஞ்ச நாளாகவே ஆள் சரியில்லை. நான் டிரம் பக்கம் போனால் பின்னாலேயே வந்து நிற்கிறார். "ஜமீன் நல்லா சாப்ட்டாம்மா" என்கிறார். யார் கேட்டார்கள்? சாப்பிடும்போது அவர் தட்டில் வைத்த முட்டை நான் திரும்புவதற்குள் காணாமல் போகிறது. கள்ளத்தனமாக எதையோ ஊட்டி நாயை வளைத்துப் போடுகிறாரா? இல்லை, சிக்கனம் என்ற பெயரில் அதன் வயிற்றில் கை வைக்கிறாரா?

அன்றைக்கு விடுமுறை. டிரம்மைத் திறந்தேன். கிளிப் தலைகீழாக மாட்டியிருந்தது. நான் செத்தாலும் அப்படி மாட்ட மாட்டேன். தினமும் அவசரத்தில் கப்பால் மேலாக அள்ளுகிற நான், இப்போது அடிவரை கையை விட்டேன். பிசுபிசுவென்று ஈரம். உருண்டைகள் ஒட்டிக் கட்டியாகக் கையோடு வந்தன. முகர்ந்து பார்த்தேன். சீ, நாய் எச்சில்!

"மாமா! தட்டுல போட்டதைத் திரும்ப டிரம்முலயே கொட்டறீங்களா? மொத்தப் பையும் பூசணம் புடிச்சுப் போச்சு!"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் பட்டினி கிடந்தாலும் பரவாயில்ல, தீனி மிச்சமாகணும். அதானே?"

"பட்டினியா?" சடாரென்று திரும்பினார். "என் தட்டு முட்டையெல்லாம் யார் வயித்துக்குப் போகுதுன்னு நெனச்ச? அவன் இதைத் தொடறதே இல்லம்மா. வாயில வைக்கிறான், துப்பிடறான்."

"அதை எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவ."

"போகத்தானே வேணும்?"

அவர் குரல் இறங்கிவிட்டது. "உன் அத்தை சாப்பிட மாட்டேங்கிறான்னு நான்தான் முதல்ல வாயைத் திறந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அவ கொண்டுபோன பை மட்டும்தான் வீட்டுக்கு வந்துச்சு."

இந்த மனுஷனைப் போய்க் கஞ்சன் என்று நினைத்தேனே! எதையாவது செய்தாக வேண்டும் போல இருந்தது. ஜமீன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"முட்டையை மெல்றானா மாமா?"

"இல்ல, அப்படியே முழுங்கறான்."

மெதுவாக உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து, ஈறு சிவந்து வீங்கியிருந்தது. ஜமீன் என்னைப் பார்த்து உறுமியது அதுதான் முதல் தடவை. எழுந்து போய்ப் புதுப் பையைப் பிரித்து, ஒரு கப் தீனியை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியதும் கொடுத்தேன். ஜமீன் ஒரு பக்கமாகவே மென்று தட்டை நக்கி முடித்தது.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பல்லுதானா? வேற ஒண்ணும் இல்லியே?"

"பல்லு மாதிரிதான் தெரியுது. டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்."

அவர் முகம் மறுபடி மூடிக்கொண்டது. "அவங்களும் முதல்ல சின்ன விஷயம்னுதான் சொன்னாங்க."

ஆணியில் தொங்கிய நாய்க்கயிற்றை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"நீங்களும் வாங்க. நீங்களே புடிச்சுக்குங்க. அங்க யார் கேட்டாலும் குடுக்காதீங்க."

"நீ கேட்டா?"

"நான் கேட்டாலும்தான்."

என்னை ஒரு நிமிஷம் சந்தேகமாகப் பார்த்தார். அப்புறம் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு செருப்பைத் தேடினார்.