நடுவுள்ளவள் பிழைத்த கதை

ஜூலை பதினோராம் தேதி பெர்சிஸ் அக்கா ஃபோன் செய்தாள். இரண்டு வருஷத்தில் அவளாக அழைத்தது அதுதான் முதல் தடவை.

"ஏலே முத்து, நம்ம மீன் கம்பெனி கதை தமிழ்ல வந்துட்டுலே. அஞ்சு சீசனும் மொத்தமாப் போட்டிருக்கான். ஆறாவது அடுத்த மாசம் பதினாலாம் தேதியாம். அதோட முடியுதாம்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சிக்கிட்டா ஒரு வார்த்த சொல்லாம இருந்த?"

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அவள் டிவி முன்னால் உட்காரும் நாள் வரவே கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மீன் கம்பெனி கதை என்று நாங்கள் சொல்வது ஒரு வெளிநாட்டுத் தொடர். குளிரான ஒரு கடலோர ஊர். அப்பா விட்டுப்போன மீன் தொழிற்சாலையை மூன்று சகோதரிகள் நடத்துகிறார்கள். அவர்கள் பெயர் ஒன்றும் அக்கா வாயில் நுழையாது. மூத்தவ, நடுவுள்ளவ, கடைக்குட்டி என்றுதான் சொல்வாள். அதில் ஒரு காட்சியைக்கூட அவள் கண்ணால் பார்த்தது இல்லை. முழுக்க நான் சொல்லிக் கேட்டது.

அப்போது நான் சென்னையில் அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்காக இரவு வேலை பார்த்தேன். அவள் தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி. எங்கள் தெருக்காரி, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மாவின் சுகர் ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்க ஒருநாள் என் பிரேக்கில் அழைத்தேன். தூக்கம் சொக்குது, ஏதாவது சொல்லுலே என்றாள். அன்றைக்குப் பார்த்த எபிசோடைச் சொன்னேன். அது மூன்று வருஷம் ஓடியது. எனக்கு இருபது நிமிஷம் பிரேக். அந்தப் பக்கம் வார்டில் யாரோ இருமுவார்கள், அவள் எழுந்து போய் ட்ரிப்ஸைப் பார்த்துவிட்டு வருவாள், விட்ட இடத்தைச் சரியாகச் சொல்லி "ம், பெறவு" என்பாள்.

அந்த வேலையில் நினைத்துப் பார்க்க ஒன்றும் கிடையாது. முதுகு போனது. தூக்கம் போனது. தபால் வழியில் படித்த டிகிரி இரண்டு பேப்பரில் நின்றது. ஒருநாள் ஐடி கார்டை மேஜையில் வைத்துவிட்டு பஸ் ஏறி ஊருக்கு வந்து, மொபைல் கடையில் பகல் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த இருபது நிமிஷத்தை மட்டும் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். ஊருக்கு வந்ததும் கதை நின்றுவிட்டது. ஒரே தெருவில் இருப்பவளை ஃபோனில் கூப்பிட்டுக் கதை சொல்வது எப்படி? எதிரில் பார்த்தால், சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். மூன்றாவது சீசனின் கடைசி எபிசோடில் நடுவுள்ளவள் கடலில் விழுந்து செத்துப்போகிறாள். அக்காவுக்கு மூவரில் அவளைத்தான் பிடிக்கும். நான் அந்த எபிசோடைப் பார்த்த வாரம் அக்காவின் தங்கை ஜாய் செத்துப்போனாள். நாலு வருஷமாக டயாலிசிஸில் இருந்தவள். ஒன்பதாம் நாள் அக்கா டூட்டிக்கு வந்து, "என்னலே, நடுவுள்ளவ என்ன ஆனா?" என்று கேட்டாள். படகுக்காரன் ஒருவன் தூக்கிவிட்டான், பிழைத்துக்கொண்டாள் என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு சீசன் அவளை நானே நடத்தினேன். வேறு ஊருக்கு அனுப்பினேன். தையல்கடை வைத்துக்கொடுத்தேன். அவளைப் பெண் கேட்டு ஒரு போலீஸ்காரனை வரவழைத்துக் கல்யாணமும் முடித்தேன். இன்சூரன்ஸ் வேலைக்கு அந்த அளவு மூளையைச் செலவழித்தது கிடையாது.

இப்போது அக்கா நாளுக்கு இரண்டு எபிசோடாக முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். சீசனுக்கு ஆறு எபிசோடு. நான் கடையில் அடுத்தவர் ஃபோனுக்கு ஸ்க்ரீன்கார்டு ஒட்டிக்கொண்டே கணக்குப் போட்டேன். மூன்றாவது சீசன் டப்பிங் நன்றாக இல்லையாம், அதை விட்டுவிட்டு நாலுக்குப் போய்விடலாம் என்று மெசேஜ் அனுப்பிப் பார்த்தேன். "உங்கிட்ட எவன்லே கேட்டான்" என்று பதில் வந்தது.

பதினேழாம் தேதி வியாழக்கிழமை அவளுக்கு லீவு. ஐந்தருவியில் தண்ணி நல்லா விழுதாம், கொண்டு விடு என்றாள். பைக்கில் கூட்டிப்போனேன். சாரல் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. பெண்கள் பக்கம் வரிசை நீளம். நான் குளித்து, துவட்டி, முக்கால் மணி நேரம் நின்ற பிறகு தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். ரம்புட்டான் வாங்கிக்கொண்டு ஒரு கடையோரம் உட்கார்ந்தோம்.

"இன்னைக்கு மூணாவது ஆரம்பிக்கேன்," என்றாள். "அவ தண்ணிக்குள்ள இருந்து ஏறி வருவால்லா, அதப் பாக்கணும்லே. எத்தன நாளு மனசுக்குள்ளயே பாத்திருக்கேன் தெரியுமா."

"ஏறி வரமாட்டாக்கா."

"யாரு?"

"நடுவுள்ளவ. அதுல செத்துப் போயிருதா. நாந்தான் மாத்திச் சொன்னேன்."

பழத்தை உரித்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. ஒன்றை உரித்து வாயில் போட்டு, கொட்டையைத் துப்பினாள்.

"அப்ப தையக்கட?"

"கெடையாது."

"போலீஸ்காரன்?"

"அவனும் நாந்தான்."

"களவாணிப் பயலே. அந்தக் கல்யாணத்த நான் வார்டு பூரா சொன்னேன்லே. பெட்டுல கெடந்த ஹாஜரா பீவி, மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம்னுகூடக் கேட்டா."

சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கணக்குப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"ஜாய் போன சமயம்," என்றாள்.

"ஆமா."

"பாவம் பாத்தியாக்கும்."

"இல்லக்கா. சொன்னா அதுக்குப் பெறவு ஃபோன எடுக்க மாட்டன்னு நெனச்சேன். எனக்கு அங்கன வேற ஆளு கெடையாது."

"எடுத்திருக்க மாட்டேந்தான்." துண்டை அவிழ்த்து முடியைப் பிழிந்தாள். "அவ பொழச்சிட்டான்னு நீ சொன்னேல்லா, அன்னைக்கு மாடிப்படில போயி உக்காந்து அழுதேன். ஜாய்க்கு அதுவரைக்கும் ஒரு சொட்டு வரல. எவளோ ஒருத்தி பொழச்சதுக்கு அழுதேன். அவளும் பொழைக்கலன்னு சொல்லுத நீ."

மிச்சப் பழத்தைப் பையோடு என் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"நான் பஸ்ல போறேன்."

வெள்ளி, சனி இரண்டு நாளும் பேச்சில்லை. சனிக்கிழமை தெருவில் எதிரே வந்தாள். சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டு வருஷம் பேசாமலேதானே இருந்தோம், இதில் என்ன வந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. நாங்கள் பேசாமல் இருந்தபோதும் அந்தக் கதை இரண்டு பேருக்கும் நடுவில் அப்படியே இருந்தது. இப்போது அதை நானே உடைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஃபோன் வந்தது.

"சர்ச் முடிஞ்சிட்டு. வா. கடைசி எபிசோடு ஒண்ணுதான் பாக்கி. தனியாப் பாக்க மாட்டேன்."

போனேன். துபாயில் இருக்கும் அவள் வீட்டுக்காரர் அனுப்பிய பணத்தில் வாங்கிய டிவி, பாதிச் சுவரை அடைத்துக்கொண்டிருந்தது. சர்ச்சுக்குக் கட்டிய சேலையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் நாற்காலியில்.

நடுவுள்ளவள் விழுந்தாள். கரையில் இழுத்துப்போட்டு ஒருவன் அவள் நெஞ்சை அமுக்கினான்.

"இப்படியா அமுக்குவான்? கைய மடக்கக் கூடாதுல்லா," என்றாள் அக்கா. "எவனும் படிச்சுக் குடுக்கலயா இவனுக்கு."

அவன் நிறுத்திவிட்டான். மூத்தவள் தமிழில் கதறினாள். கேட்கவே நன்றாக இல்லை. அக்கா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள். பார்ப்பதை நிறுத்தவில்லை. எனக்கு அந்தக் காட்சி ரொம்ப நேரம் ஓடியதாக ஞாபகம். மொத்தமே நாலு நிமிஷம்தான்.

பெயர்கள் ஓடி முடிந்து, அடுத்த எபிசோடு பத்து விநாடியில் என்று எண் இறங்கத் தொடங்கியது. நிறுத்தலாம் என்று ரிமோட்டுக்குக் கை நீட்டினேன்.

"விடு. அவ இல்லாம இவளுவ எப்படி ஓட்டுதாளுவன்னு பாக்கணும்."

நாலாவது சீசன் தொடங்கியது. காலை. தொழிற்சாலை. மூத்தவளும் கடைக்குட்டியும் மீன்பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெட்டி உடைந்திருக்கிறது, அதற்காக டிரைவரோடு சண்டை. செத்தவளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

"இது சரி," என்றாள் அக்கா. "இப்படித்தான் இருக்கும். நானும் பெட்ஷீட் மாத்தலன்னு ஆயாகிட்ட சண்ட போட்டுக்கிட்டுதான் கெடந்தேன்."

பழக்கதோஷத்தில், "இப்ப மூத்தவ என்ன செய்வான்னா—" என்று ஆரம்பித்தேன்.

"நீ வாயத் தெறக்காத. நானே பாத்துக்கிடுதேன்."

வெளியே மழை விழுந்து நின்றது. இரண்டு எபிசோடு முடியும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது தொடங்கும் முன் மட்டும் சொன்னாள்:

"ஆறாவது வருதுல்லா, பதினாலாம் தேதி லீவு எழுதிக் குடுத்திருக்கேன். நீயும் கடைல சொல்லிரு."

"சரிக்கா," என்றேன். அதுவும் பேச்சுதான் என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.