முத்துத்தாயின் மேட்டுப்பாத்தி

அலங்காநல்லூருக்கு மேற்கே முத்துத்தாய்க்கு முப்பது சென்ட் நிலமும் ஒரு கிணறும் உண்டு. கணவர் காளை லாரியோடு கிளம்பினால் திரும்பப் பத்து நாளாகும். வெள்ளாமை முழுக்க அவள் பொறுப்புதான். போன ஐப்பசியில் தரைப்பாத்திக் கீரையெல்லாம் தண்ணீர் தேங்கி அழுகிப்போனது. கோடையிலோ கிணறு அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. யோசித்து யோசித்து இந்த வருஷம் முக்கால் அடி உயரத்துக்கு மண்ணை அணைத்து ஆறு மேட்டுப்பாத்தி போட்டாள். ஒவ்வொன்றின்மேலும் சொட்டுநீர்க் குழாய் இரண்டு இழுத்துவிட்டாள்.

பக்கத்து நிலத்துக்காரன் அவள் கொழுந்தன் நல்லகாமன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

"என்ன மதினி, கீரைக்குக் குளுக்கோஸ் ஏத்துறீகளா?"

"ஆமா தம்பி. தெம்பா வளரட்டும்."

சிறுகீரை விதைத்த ஆறாம் நாள் ஐந்து பாத்தி பச்சை கட்டிவிட்டது. கடைசிப் பாத்தியில் பாதி மொட்டையாகக் கிடந்தது. குத்தவைத்துக் குழாயின் அடியில் விரல் விட்டுப் பார்த்தாள். அந்தப் பாதி முழுக்கக் காய்ந்த புழுதி. குழாயின் நுனியை அவிழ்த்ததும் செம்மண் கலங்கல் குபுகுபுவென்று வந்தது. ஃபில்டர் சல்லடையைக் கழுவ மறந்திருந்தாள். கழுவி மாட்டி, அங்கே மட்டும் மறுபடி விதைத்தாள். நாலாம் நாள் அதுவும் முளைத்தது.

பிறகு மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் விடிந்ததும் குடையோடு ஓடினாள். இரண்டு பக்கமும் வாய்க்காலில் தண்ணீர் ஓட, மேலே சிறுகீரை இலை மடங்காமல் நின்றது. தனியாக நின்று சிரித்தாள். பக்கத்தில் நல்லகாமனின் பாத்தி குளமாகக் கிடந்ததைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

கீரையைப் பிடுங்கிய அன்று ஸ்கூட்டியில் இரண்டு கூடை கட்டிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினாள். அலங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டைக்கூடத் தாண்டவில்லை. வேலைக்குப் போகிற பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"வேர்ல சேறே இல்லையேக்கா. எனக்கு ரெண்டு கட்டு."

ஏழரைக்குக் கூடை காலி. வீட்டுக்கென்று ஒரு கட்டுகூட மிஞ்சவில்லை. வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்து, நேராகத் தோட்டத்துக்குப் போனாள்.

அங்கே நல்லகாமன் இஞ்ச் டேப்போடு நின்றான்.

"பாத்தி அகலம் எம்புட்டு மதினி?"

"நாலடி. அந்த நுனியப் பிடிங்க தம்பி, உங்க நெலத்துல அளந்தே காட்டுறேன்."

வரப்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இருவரும் சேற்றில் இறங்கினார்கள்.