பேருக்கு முதலாளி

ராயபுரத்தில் ஒரு பழக்கம் உண்டு. விசைப்படகு ஒருத்தனுடையது, பதிவு மச்சான் பேரில் இருக்கும். ஆட்டோ ஒருத்தனுடையது, பெர்மிட் சித்தப்பா பேரில் இருக்கும். காகிதத்தில் எவன் பேர் இருந்தால் என்ன, பொருள் யாருடையது என்று தெருவுக்கே தெரியுமே! டெபோராவும் அந்தத் தெருவில் வளர்ந்தவள்தான். அதனால்தான் அயர்லாந்தில் கம்பெனி திறந்தபோது, அத்தனை பங்கையும் தம்பி ஜெரியின் பேரில் போடச் சம்மதித்தாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாள்.

ஆறு தையல் மிஷின் வைத்து, பாதிரியார்கள் பூசைக்குப் போடும் அங்கிகளைத் தைத்து, அந்த நாட்டுக் கோயில்களுக்கு அனுப்புகிறவள் அவள். ஜெரி அங்கே கார்க் நகரத்தில் நர்ஸ். ஐரோப்பாவில் குடியிருக்கிற ஆள் ஒருத்தர் டைரக்டராக இருக்க வேண்டும் என்பது சட்டம் என்றான். அது உண்மை. அதனால் பங்கும் தன் பேரில்தான் இருக்க வேண்டும் என்றான். அது பொய். ராயபுரத்தில் உட்கார்ந்திருக்கிறவளே மொத்தப் பங்கையும் வைத்துக்கொண்டிருக்கலாம். மூன்று வருஷம் கழித்து, அவன் அனுப்பிய காகிதங்களை உட்கார்ந்து படித்தபோதுதான் இது டெபோராவுக்குத் தெரிந்தது.

இப்போது லீவில் வந்திருந்தவன், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஓர் ஒப்பந்தத்தை அவள் முன்னால் நீட்டினான். தையல் வேலையை மணலி புதுநகரில் ஒரு பெரிய யூனிட்டுக்கு மாற்றப் போகிறானாம். அவள் அங்கே சூப்பர்வைசராம்.

"கையெழுத்து போடு. மாசாமாசம் சம்பளம் வந்துடும்."

"என் கம்பெனியில எனுக்கு நீ இன்னாடா சம்பளம் குடுக்கறது?"

"யாரு கம்பெனி? பேப்பர்ல யாரு பேரு கீதுன்னு பாரு."

அம்மா சிலுவையம்மாள் நடுவில் வந்தாள். "கூடப் பொறந்தவன் பேர்லதானடி கீது. வேத்தாளு பேர்லயா கீது? பேர்ல இன்னா வந்துது?"

"ஒண்ணும் வரலல்ல? அப்ப இந்த வூட்ட என் பேர்ல எழுதும்மா. நாளைக்கே ரிஜிஸ்டர் ஆபீஸ் போலாம்."

சிலுவையம்மாள் சுத்தமாக இருந்த மேஜையை முந்தானையால் துடைத்தாள். அந்த நிமிஷம் டெபோராவுக்குத் தம்பி மேல் வந்ததைவிட அம்மா மேல்தான் அதிக வெறுப்பு வந்தது.

அவள் போனை எடுத்து, கம்பெனி திறந்த வாரத்தில் ஜெரி அனுப்பியிருந்த குரல் பதிவைப் போட்டாள். "அக்கா, கம்பெனி உன்னுதுதான். நானு பேருக்குத்தான்" என்றது அவன் குரல்.

ஜெரி சிரித்தான். "அங்க எவனுக்குத் தமிழ் தெரியும்?"

"இங்கிலீஷ்ல எழுதி நோட்டரி முத்திரை வாங்கிட்டேன். உண்மையான ஓனரு யாருன்னு அந்த ஊர்ல தனியா ஒரு பதிவேடு கீதே, அதுல இன்னா எழுதிக் குடுத்த? 'ஓனரு முழுக்க நான்தான், பின்னால வேற யாரும் இல்ல'ன்னு நீ எழுதிக்கீற. பொய் எழுதுனா அங்க கேசு. உன் ஆஸ்பத்திரிக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்?"

"மிரட்டுறியா?"

"ஆமா."

பங்குகளைத் தன் பேருக்கு மாற்றும் படிவத்தை அவன் முன்னால் வைத்தாள். ஜெரியின் முகம் இருண்டது. பேனா தாளைக் கிழித்துவிடும்போல அழுத்திக் கையெழுத்துப் போட்டான். பிறகு நாற்காலியில் சாய்ந்தான்; சிரிப்பு மறுபடி வந்தது.

"எடுத்துக்கோ. டைரக்டர் வேலைய நானு ராஜினாமா பண்றேன். அங்க குடியிருக்க ஆளே இல்லாம எப்டி கம்பெனி நடத்துறன்னு பாக்கறேன்."

டெபோரா பையிலிருந்து இன்னும் இரண்டு தாள்களை எடுத்தாள்.

"குடியிருக்கற டைரக்டர் இல்லாதவங்களுக்கு ஒரு ஜாமீன் பத்திரம் கீது. அத்த வாங்கி வெச்சா சட்டம் ஒத்துக்கும். பேசி முடிச்சிட்டேன், இது அதுக்கான பேப்பரு. டைரக்டர் நானு. செக்ரட்டரி வேற ஆளா இருக்கணும்னு சட்டத்துல கீது, நம்ம டெய்லர் மகிழினி. இது உன் ராஜினாமா. நானே டைப் பண்ணிட்டேன், உனுக்கு வேல வெக்கல."

"யாருடி உனுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது? எந்த வக்கீலு?" அக்காவை அவன் 'டி' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"வக்கீலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அத்தினி பேப்பர்லயும் நீ உன் பேர மட்டும் பாத்த. நான் மிச்சத்தப் படிச்சேன்."

ஜெரி கையெழுத்துப் போட்டுத் தாளை அவள் பக்கம் விசிறினான். அம்மாவைப் பார்த்து, "இன்னியோட எனுக்கு அக்கான்னு யாரும் இல்ல" என்றான். சிலுவையம்மாள் அழத் தொடங்கினாள்.

டெபோரா தாளைக் குனிந்து எடுத்து, மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை படித்துப் பார்த்து, அவன் முன்னால் திரும்ப வைத்தாள்.

"தேதி போடல. போடு."