இடம் மாறிய பதினைந்து சீட்டுகள்

வெள்ளிக்கிழமை வந்தாலே வாண்டுவுக்குப் பள்ளிக்குப் போகக் கால் வராது. ஆறாம் வகுப்பில் அன்றுதான் ஆங்கில ஸ்பெல்லிங் பரீட்சை. பத்து வார்த்தைக்கு மூன்று தேறினால் அவளைப் பொறுத்தவரை அது நல்ல வாரம். மற்ற குறும்புகளில் எல்லாம் நூற்றுக்கு நூறு வாங்குகிறவளுக்கு இந்த எழுத்துகள் மட்டும் கட்டுக்குள் வர மறுத்தன. உச்சரிப்பு ஒரு பக்கம் போகும், எழுத்து இன்னொரு பக்கம் போகும். இதற்குப் போய் ஒரு பரீட்சையா என்று அவள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆங்கில டீச்சர் விடுகிறவர் இல்லை. "புத்தகத்தைப் பார்த்துப் படிச்சா உங்க மண்டையில ஏறாது. வீட்டுல இருக்கிற பொருள் மேலயே பேரை எழுதி ஒட்டுங்க. கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா தானா ஏறும்" என்று சொல்லி, சமையலறைப் பொருள்கள் இருபதின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். எல்லோரும் எழுதி வந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருத்தி, பிழையில்லாமல்தான் வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு வாரம் அவை ஒட்டிய இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது உத்தரவு.

ஆக, வாண்டுவின் வீட்டுச் சமையலறையில் கரண்டி முதல் சல்லடை வரை எல்லாம் நெற்றியில் சீட்டோடு நின்றன. அம்மா சீட்டு நனையாமல் பாத்திரம் கழுவப் பழகிக்கொண்டாள், அவ்வளவுதான். அப்பா லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஆர்ப்பாட்டம் செய்தது மாமா ஒருவர்தான்.

மாமா அம்மாவின் தம்பி. இவர்களோடுதான் இருந்தார். கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை. தனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை என்பது அவருடைய எண்ணம். சீட்டுகள் ஒட்டிய மறுநாளே, சாப்பிட உட்கார்ந்தவர், "அந்த லேடிலை இப்படித் தள்ளு" என்றார்.

"எதை மாமா?" என்றாள் வாண்டு.

"லேடில்! கரண்டி! ஆறாம் கிளாஸ் படிக்கிற, இது கூடத் தெரியாதா? நானெல்லாம் உன் வயசுல இதைத் தூக்கத்துல சொல்லுவேன்."

தூக்கத்தில் சொன்னாரோ என்னவோ, விழித்திருக்கும்போது இதுவரை சொன்னதில்லை. கை கழுவப் போகிற சாக்கில் அவர் சமையலறைக்குள் நுழைந்து, உதட்டை அசைத்து அசைத்துச் சீட்டைப் படித்ததை வாண்டு கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டிருந்தாள். மாமாவின் வண்டவாளத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவர இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை காலை, அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து வேலையை ஆரம்பித்தாள். கப், பிளேட், ஸ்பூன், கிளாஸ், ட்ரே ஐந்தையும் தொடவில்லை. அவை ஊருக்கே தெரிந்தவை. மீதிப் பதினைந்து சீட்டுகளையும் பக்குவமாகப் பிரித்தெடுத்தாள். கரண்டியில் இருந்தது துருவிக்குப் போனது, துருவியில் இருந்தது கரண்டிக்கு வந்தது. சல்லடைக்கும் மூடிக்கும் அதே கதி. எந்தச் சீட்டு எங்கே போகிறது என்பது குழம்பிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு வார்த்தையையும் எழுத்து எழுத்தாகப் படித்துப் படித்துத்தான் ஒட்டினாள். பரீட்சைக்குக் கூட அவள் அத்தனை அக்கறையாகப் படித்ததில்லை.

அன்று மாலையே மீன் வலையில் விழுந்தது. மாமா கரண்டியைக் காட்டி, "அந்தக் கிரேட்டரை எடு" என்றார். புதன்கிழமை பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம், "உங்க வீட்டுல நல்ல சீவ் இருக்கா? எங்க வீட்டு சீவ் நசுங்கிப்போச்சு, பாத்திரத்தை மூட முடியல" என்று வாசலில் நின்று கேட்டார். தையல்காரர் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டினார். வாண்டு உள்ளே ஓடிப்போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அன்றைக்கே சீட்டுகளைப் பழையபடி மாற்றியிருக்கலாம். ஆனால் இவ்வளவு நல்ல விளையாட்டை யார்தான் பாதியில் விடுவார்கள்?

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. அம்மா வழக்கத்தை விடச் சீக்கிரமாக, இஸ்திரி போட்ட புடவையில் வேலைக்குக் கிளம்பிப் போனாள். வாண்டு கணக்குப் போட்டுப் பார்க்கக் காகிதம் தேடினாள். சமையலறை இழுப்பறையில், பழைய துணிக்கு அடியில், நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள்கள் கிளிப் போட்டு இருந்தன. பின்பக்கம் வெறுமையாக இருக்கும் என்று நினைத்துத் திருப்பினாள்.

வெறுமையாக இல்லை. ஒவ்வொரு தாளிலும் ஒரு படம். துளைத் துளையாகப் புள்ளி வைத்த சல்லடை, நீளக் காம்பு வைத்த கரண்டி, வாய் அகன்ற புனல். படத்துக்குக் கீழே கோணல்மாணலான ஆங்கில எழுத்துகளில், ஒரே வார்த்தை பத்துப் பத்து முறை. கரண்டிப் படத்தின் கீழே பத்து கிரேட்டர். சல்லடைப் படத்தின் கீழே பத்து லிட், அதாவது மூடி. ஒரு வார்த்தையில் கூட எழுத்துப்பிழை இல்லை. கடைசித் தாளில் மட்டும் தமிழில் எழுதியிருந்தது: "சனி, பத்து மணி. ஸ்டோர் பரீட்சை."

அது அம்மாவின் கையெழுத்து.

அம்மா ஆஸ்பத்திரி கேன்டீனில் காய்கறி நறுக்குகிறவள். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. இரவில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "ஸ்டோர்ல வேலை பார்த்த அக்கா போறாங்களாம். அங்கே நாற்காலி உண்டு" என்று இந்தத் திங்கட்கிழமைதான் சொல்லியிருந்தாள். சாமான் எல்லாம் ஆங்கிலப் பெயரோடுதான் பெட்டிகளில் வரும், அதனால் மேலாளர் சமையலறைப் பொருள்கள் இருபதை மேசையில் வைத்துப் பெயரை எழுதச் சொல்வாராம் என்றும் சொன்னாள். "எட்டாவதோட நின்னவளுக்கு அதெல்லாம் எதுக்கு" என்று மாமா சிரித்தார். அதற்குப் பிறகு அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுக்காமல், இந்தச் சமையலறையில் உட்கார்ந்து இத்தனை வேலை பார்த்திருக்கிறாள்.

மணி ஒன்பது இருபது. வாண்டு மாமாவை உலுக்கி எழுப்பி, நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினாள். மாமா கேட்டது வேறு.

"அப்போ கிரேட்டர்னா கரண்டி இல்லையா?"

"துருவி மாமா!"

"தையல்காரர்கிட்ட நான் கேட்டது?"

"சல்லடை!"

மாமா முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிக்க வேறொரு நாளாக இருந்திருந்தால் வாண்டுவுக்கு ஒரு வாரம் போதாது. இன்று சிரிப்பு வரவில்லை. "உன்னை அப்புறம் கவனிச்சுக்கிறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு மாமா ஸ்கூட்டரை உதைத்தார். போகிற வழியில் ஒரு யோசனையும் சொன்னார். "டீச்சர் தப்பா எழுதிக் கொடுத்துட்டாங்கன்னு சொல்லிடு. உன் தலையும் தப்பும், என் தலையும் தப்பும்."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. வாண்டு அதைப் பிடித்துக்கொண்டே கேன்டீன் பின்வாசலில் இறங்கினாள்.

ஸ்டோர் கதவுக்கு வெளியே, வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில், பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாத்திரம் கழுவுகிற அக்கா, பில் போடுகிற அண்ணன், கடைசியில் அம்மா. அம்மா கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கையில் வாண்டு மூடி தொலைத்துத் தூக்கிப் போட்ட பேனா.

"என்னடி, வீட்டுல என்ன ஆச்சு?" என்று பதறி எழுந்தாள்.

"டீச்சர்..." என்று ஆரம்பித்தாள் வாண்டு. அந்தப் பேனாவைப் பார்த்தாள். அதற்கு மேல் பொய் வரவில்லை. "டீச்சர் இல்லம்மா. நான்தான். மாமாவைக் கலாய்க்கிறதுக்காகச் சீட்டை எல்லாம் மாத்தி ஒட்டிட்டேன். நீ படிக்கிறேன்னு எனக்குத் தெரியாதும்மா."

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பள்ளிக்கூடத்துல படிக்கிற பிள்ளை எழுதினது தப்பா இருக்குமான்னு நான் ஒரு தடவை கூட யோசிக்கலடி" என்றாள் மெதுவாக. பிறகு மாமாவைப் பார்த்தாள். "போதாததுக்கு இவனும் அதையே அடிச்சுச் சொன்னானா, நம்பிட்டேன்."

மாமா வெங்காய மூட்டையின் தையலை ஆராய ஆரம்பித்தார்.

பாத்திரம் கழுவுகிற அக்கா உள்ளே போனாள். அடுத்தது அண்ணன், அதற்கடுத்தது அம்மா. வாண்டுவுக்கு அழுகை முட்டியது. அம்மா அவளை இழுத்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"அழறதை வீட்டுல வெச்சுக்கோ. உப்பு டப்பா மூடியும் சர்க்கரை டப்பா மூடியும் மாறிப்போச்சுன்னா, உப்பையும் சர்க்கரையையும் கீழே கொட்டிடறோமா? மூடியை மாத்திப் போடறோம். எழுத்தெல்லாம் எனக்கு மனப்பாடம். எது எதோட மாறுச்சுன்னு மட்டும் சொல்லு."

"கரண்டியும் துருவியும்மா. லேடில்தான் கரண்டி. எல், ஏ, டி, எல், ஈ. சல்லடையும் மூடியும். சல்லடை சீவ். எஸ், ஐ, ஈ, வி, ஈ." வாண்டு மூச்சு விடாமல் சொன்னாள். இடுக்கி, வடிதட்டு, முறம், ஜாடி என்று ஜோடி ஜோடியாக வந்தன. அம்மா ஒவ்வொன்றுக்கும் இரண்டு கைகளையும் குறுக்கே மாற்றி வைத்து, மூடி மாற்றுவது போலவே செய்து மனதில் போட்டுக்கொண்டாள். ஆறாவது ஜோடி முடிந்தபோது அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

போகிற போக்கில் அம்மா திரும்பிப் பார்த்தாள். "இவ்வளவு ஸ்பெல்லிங் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா வாராவாரம் மூணு மார்க் வாங்குற?"

அப்போதுதான் வாண்டுவுக்கே அது உறைத்தது. உறைத்த கையோடு இன்னொன்றும் உறைத்தது. பதினைந்து சீட்டை ஜோடி போட்டால் ஒன்று மிஞ்சுமே! மிஞ்சியதால்தான் கடைசி மூன்றைச் சுற்றில் விட்டிருந்தாள்: புனலில் இருந்தது சப்பாத்திக்கட்டைக்கு, சப்பாத்திக்கட்டையில் இருந்தது முட்டை அடிக்கும் கம்பிக்கு, கம்பியில் இருந்தது புனலுக்கு. அதைச் சொல்லவே இல்லை. எழுந்து கதவுக்கு ஓடினாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே மேசையில் பொருள் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்தக் கால் மணி நேரத்தில் அவள் வேண்டாத தெய்வம் இல்லை. மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "மூணுதானே, போகட்டும் விடு" என்றார். ஆனால் அவரும் நகத்தைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார்.

கதவு திறந்தது. மேலாளர் விடைத்தாள்களோடு வெளியே வந்தார். பாத்திரம் கழுவுகிற அக்காவுக்குப் பன்னிரண்டு. பில் போடுகிற அண்ணனுக்குப் பதினைந்து. அம்மாவுக்கு இருபதுக்குப் பதினேழு.

"மூணு மட்டும் ஒண்ணுக்கொண்ணு இடம் மாறி நிக்குது" என்று மேலாளர் தலையைச் சொறிந்தார். "ஆனா எழுத்து ஒண்ணு கூடத் தப்பில்ல. யாரும்மா சொல்லிக் கொடுத்தது?"

"என் பொண்ணுதான் சார்" என்றாள் அம்மா. "தப்பா இருந்த மூணும் அவ சொல்லிக் கொடுத்ததுதான்."

திங்கட்கிழமை அம்மா நாற்காலி வேலைக்குப் போனாள். கிளம்புகிற அவசரத்திலும் வாண்டுவுக்குத் தலை பின்னி, முதுகில் அன்பாக இரண்டு தட்டுத் தட்டி அனுப்பினாள். அம்மாவின் கோபம் இவ்வளவு சீக்கிரம் தணிந்ததே என்று வாண்டு நிம்மதியாகப் பள்ளிக்குப் போனாள். பாவம், ஊரையே ஏமாற்றுகிறவளுக்கு அந்த இரண்டு தட்டுகளில் சந்தேகம் வரவில்லை.

பிரார்த்தனை வரிசையில் பின்னால் நின்றவள் சிரித்தாள். வகுப்பில் நான்கு பேர் சிரித்தார்கள். ஆங்கில வகுப்புக்குள் பள்ளிக்கூடம் பாதிக்குத் தெரிந்துவிட்டது, வாண்டுவைத் தவிர. டீச்சர் அவளைக் கூப்பிட்டு, திரும்பி நிற்கச் சொல்லி, முதுகிலிருந்து ஒரு சீட்டை உரித்தெடுத்தார்.

"சல்லடையா நீ?" என்றார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சருக்குப் பழக்க தோஷம், எந்தச் சீட்டைக் கண்டாலும் சிவப்புப் பேனா தானாக மேலே போய்விடும். எழுத்து எழுத்தாகப் பார்த்தார். "இந்த வகுப்புல முக்கால்வாசிப் பேருக்கு வராத ஸ்பெல்லிங். சரியா எழுதியிருக்கே. யாரோட வேலை இது?"

நாள்காட்டித் தாளில் வெட்டிய சீட்டு. கோணல்மாணலான அந்த எழுத்துகளை வாண்டுவுக்குத் தெரியாதா?

"எங்க அம்மா டீச்சர்" என்றாள். வெட்கப்பட்டுத் தலை குனிய வேண்டிய நேரத்தில் அவளுக்கு ஏனோ தலை நிமிர்ந்தே நின்றது. "கேன்டீன் ஸ்டோர் பொறுப்புல இருக்காங்க."

டீச்சர் சீட்டில் பெரிதாக ஒரு டிக் போட்டுக் கொடுத்தார்.

மாலையில் அம்மா வந்ததும் வாண்டு அதை நீட்டினாள். அம்மா முகத்தை ஒன்றும் அறியாதவள் போல வைத்துக்கொண்டு வாங்கினாள். பிறகு சிவப்பு டிக்கைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். எட்டாம் வகுப்புக்குப் பிறகு அவள் எழுதியதற்கு யாரும் டிக் போட்டதில்லை.

"ஸ்பெல்லிங் சரியாமா?" என்றாள், தெரிந்துகொண்டே.

"சரின்னு டீச்சரே சொல்லிட்டாங்கம்மா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டை அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்போ போய்ச் சல்லடையில ஒட்டு" என்றாள். "நான் இங்கேயே நின்னு பார்க்கிறேன்."