அட்டை நிலையத்துக்குத் தண்ணீர் ஊற்றியவர்

1

இடுப்பு வலிக்கிறது. இந்தக் கதை அங்கிருந்துதான் கிளம்பியது. வேறு பெரிய உந்துதல் எதுவும் இல்லை. செங்கல் சுமந்து வளர்ந்த உடம்பு இது. அப்போதெல்லாம் தோள் வலிக்கும், கழுத்து வலிக்கும், படுத்து எழுந்தால் சரியாகிவிடும். இப்போது வலிப்பது, நகத்தைவிடச் சின்னதாக ஜன்னல் வெட்டியதால். குனிந்து உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அட்டையில் பிளேடால் சதுரம் சதுரமாக. மூச்சை விட்டால் ஜன்னல் பறந்துவிடும். என்னைப் பிடித்து உட்காரவைத்தவர் அக்காவின் கணவர். கதை எழுதுகிறவனை எங்கள் வீட்டில் சும்மா இருக்கிறவன் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள்.

நிமிர முடியாமல் படுத்துக் கிடந்தபோது, இந்த வலிக்கு ஒரு கதையாவது தேறாதா என்று தோன்றியது. தேறுகிறதா என்று நீங்களே பாருங்கள்.

2

முதல் தொடக்கம்: "அந்தச் சிறிய ரயில் நிலையத்தின் மேல் பொன்னிற மாலை வெயில்..."

அடித்துவிட்டேன். அது வெயில் இல்லை, டேபிள் லைட். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

இரண்டாவது: "உழைத்து ஓய்ந்த ஒரு கொத்தனாரின் நெஞ்சுக்குள் ஒரு கனவு..."

இதையும் அடித்தேன். அவர் ஓயவில்லை. முதுகெலும்பில் ஒரு தட்டு நகர்ந்துவிட்டது, இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்று சொல்லி வீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். கனவு என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டதும் இல்லை. கை சும்மா இருந்தால் வாய் பேசும், அவர் வாய் பேசினால் அக்கா வாய் பேசும், அதனால்தான் இந்த வேலை என்றார்.

மூன்றாவது: நேராகவே சொல்லிவிடுகிறேன்.

மச்சான் கொத்தனார். நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். வீட்டின் பின்னறையில், கால் வைத்த பெரிய பிளைவுட் பலகை ஒன்று. அதன் மேல் பொம்மை ரயில் ஓடுகிறது. பொம்மை என்றால் அவருக்குக் கோபம் வரும். மாடல் என்று சொல்ல வேண்டும். ரயிலும் தண்டவாளமும் பல் டாக்டர் கொடுத்தவை. டாக்டர் மாடல் ரயில் சங்கத்தின் செயலாளர். அவருடைய ஆஸ்பத்திரிக்கு மச்சான் சுவர் கட்டியபோது ஏற்பட்ட பழக்கம். மற்றதெல்லாம் மச்சான் கையால் செய்தது. கடையில் வாங்கிய வீடு ஒன்றுகூட இல்லை. பாத்திரம் தேய்க்கும் நாரைப் பிய்த்துப் பச்சை அடித்தால் மரம். வடிகட்டிய டீத்தூளைக் காயவைத்துச் சலித்தால் மண். அட்டைப்பெட்டியின் மேல்தாளை உரித்தால் உள்ளே வரிவரியாக இருக்கிறதே, அது தகரக் கூரை. சட்டை சுற்றி வரும் பிளாஸ்டிக் உறை, ஜன்னல் கண்ணாடி.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: டீத்தூளில் ஒட்டியிருந்த சர்க்கரைக்கு எறும்பு வந்தது. அந்த ஊரின் அளவுக்கு ஓர் எறும்பு என்பது ஒரு நாய். மச்சான் தட்டிவிடவில்லை. ஊர் என்றால் நாய் இருக்கத்தான் செய்யும் என்றார்.)

3

கதையில் யாருக்காவது ஏதாவது பறிபோகிற மாதிரி இருக்க வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்வார். இருக்கிறது. அந்தப் பலகை.

அக்கா தையல்காரி. மச்சான் வேலைக்குப் போவது நின்றதிலிருந்து வீடு அவளுடைய மெஷினில்தான் ஓடுகிறது. துணியை விரித்து வெட்ட இடமில்லை. கட்டிலில் வைத்து வெட்டுகிறாள். மெத்தை அமுங்கி, சட்டையில் ஒரு கை நீளமும் மறு கை குட்டையுமாகப் போய், திட்டு வாங்குகிறாள். ஆகவே ஓர் ஒப்பந்தம். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் பார்க்க வருகிறார். பிடித்திருந்தால் பலகையோடு தூக்கிக்கொண்டுபோய்ச் சங்கத்து ஹாலில் வைப்பார்கள், சங்கத்துக்கு வேண்டிய கட்டடங்களையெல்லாம் இனி மச்சானே செய்வார். பிடிக்காவிட்டால் ரயில் பரணுக்குப் போகும், பலகை அக்காவின் வெட்டு மேசை ஆகும்.

"உங்களுக்கு எதுவா வேணா ஆகட்டும். திங்கக்கெழம எனக்கு எடம் வேணும்" என்றாள் அக்கா. பலகையை அளந்தும் பார்த்துவிட்டாள். மலையும் சுரங்கமும் இருக்கும்போதே அளந்தாள். நாடா சுரங்கத்துக்குள் நுழைந்து அந்தப் பக்கமாக வெளியே வந்தது.

ஒரே ஒரு கட்டடம்தான் மிச்சம் இருந்தது: ரயில் நிலையம்.

4

இந்தப் பகுதியை எழுதவா வேண்டாமா என்று யோசித்தேன். நம்ப மாட்டீர்கள்.

நிலையத்தின் சுவர் அட்டை. அதற்கு வண்ணம் மட்டும் அடித்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மச்சானுக்கு மனசு வரவில்லை. பூசாத சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவன் என்ன கொத்தனார்? சிமென்ட்டைத் துணியில் சலித்து, குழைத்து, டாக்டர் தூக்கிப் போட்ட பழைய பல் கரண்டியால் மெல்லிசாகப் பூசினார். நூலில் பித்தானைக் கட்டித் தொங்கவிட்டு, சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குப் பார்த்தார். மயிரிழை பிசகவில்லை. நான் வெட்டிய ஜன்னல்களில் பாதியைக் கோணல் என்று தூக்கிப் போட்டதும் அப்போதுதான். அது வேறு கதை. [வேறு கதை இல்லை, இதே இடுப்பு.]

பூச்சு இறுகியது. மச்சான் பிரஷைத் தண்ணீரில் முக்கிச் சுவரை நனைத்தார். காலையில் நனைத்தார், சாயங்காலம் நனைத்தார். மறுநாளும் நனைத்தார். புதுப் பூச்சு நனையாவிட்டால் வெடித்துவிடும்.

[இங்கேதான் எனக்குச் சந்தேகம். தண்ணீர் பட்டால் அட்டை ஊறும் என்று வளர்ந்த மனிதனுக்குத் தெரியாதா? இந்தப் பாத்திரம் உடைகிறதே? உடையட்டும். ஆயுசு முழுக்கப் பூசிய கை, பூச்சைக் கண்டால் தண்ணீரைத் தேடும். அடியில் இருப்பது செங்கல்லா அட்டையா என்று விசாரிக்காது. என் அம்மா சித்தாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். "மச்சான், அந்த மூலை காஞ்சிருக்கு" என்று காட்டிக் கொடுத்ததே நான்தான்.]

ஞாயிறு காலையில் அக்காதான் முதலில் பார்த்தாள். நடைமேடைப் பக்கத்துச் சுவர் வயிறு தள்ளி நின்றது.

"உங்க ஸ்டேஷனுக்கு இது எத்தனாவது மாசம்?" என்று கேட்டாள்.

மச்சான் சிரிக்கவில்லை. பித்தான் நூலை எடுத்துத் தொங்கவிட்டார். பித்தான் வயிற்றில் இடித்து நின்றது.

அக்காவே வழியும் சொன்னாள். பழைய ஸ்டேஷன் என்று சொல்லிவிடுங்கள், பழைய கட்டடம் எது நேராக நிற்கிறது? நானும் தலையாட்டினேன். மச்சான் நூலைச் சுற்றி வைத்தார்.

5

பல் டாக்டரை முதல் வரைவில் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. மனிதர் நல்லவர், கதைக்கு அதுதான் தொந்தரவு. கூடவே வேனும் இரண்டு ஆளும் கொண்டு வந்துவிட்டார். தரையில் முட்டி போட்டு, ஒரு கண்ணை மூடி, ரயில் ஓட்டுகிறவன் பார்க்கிற உயரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பையிலிருந்து வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடியை எடுத்து நிலையத்துக்குள் நுழைத்தார். கடைவாய் வரைக்கும் பார்த்தார்.

"எப்படிங்க இது?" என்றார். "காலங்காலமா மழையில நின்ன மாதிரி இருக்கு. எங்க ஆளுங்க யாருக்கும் இப்படி வராது. இப்பவே ஏத்திரலாம்."

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் மனசுக்குள் துணியை விரித்துவிட்டாள்.

"இல்ல டாக்டர்" என்றார் மச்சான். "அது கோணல்."

"அதாங்க அழகு."

"நான் நனைச்சிட்டேன். அட்டைங்கிறத மறந்துட்டேன். உங்க ஆஸ்பத்திரிச் செவுரு இப்படித் தள்ளிட்டு நின்னா வுடுவீங்களா?"

அது வேறு, அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், இங்கே யார் இருக்கிறார்கள் என்று டாக்டர் சிரித்தார்.

மச்சான் விரலை நீட்டினார். நடைமேடையில், அந்தச் சுவருக்குக் கீழே, தீக்குச்சியில் செய்த ஒரு பெண் நின்றாள். இடுப்பில் மெழுகுக் குழந்தை.

"இவ நிக்கிறாளே" என்றார்.

டாக்டருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மச்சான் முதலில் அந்தப் பெண்ணை எடுத்துத் தள்ளி வைத்தார். பிறகு நிலையத்தை இரண்டு கையாலும் பெயர்த்தெடுத்து அமுக்கினார். ஈர அட்டை, சத்தம்கூட வரவில்லை. என் ஜன்னல்கள் உதிர்ந்தன. ரெண்டு வாரம் கொடுங்கள், நேராகக் கட்டித் தருகிறேன் என்றார். டாக்டர் சரி என்றார், வேறென்ன சொல்வார்? வேன் காலியாகத் திரும்பியது.

அக்கா அவரிடம் இல்லை, என்னிடம் கேட்டாள்:

"ஒண்ணு எடுத்துட்டுப் போவாங்க, இல்ல வேண்டாம்பாங்க. ரெண்டுக்கும்தான்டா நான் தயாரா இருந்தேன். நடுவுல இவரு எங்கேர்ந்துடா வந்தாரு?"

6

முடிவுகள்.

அ) அக்கா தன் கத்தரியை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்கிறாள். இருவருமாகச் சேர்ந்து புது நிலையத்துக்கு ஜன்னல் வெட்ட...

இதை எழுதி அவளிடம் படித்துக் காட்டினேன். தனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டாள். அடித்தாயிற்று.

ஆ) மச்சானுக்கு அட்டையின் மேல் நம்பிக்கை போய்விடுகிறது. களிமண்ணில் அரிசிக் குருணை அளவுக்குச் செங்கல் அறுத்து, அக்காவின் அடுப்பில் சுடுகிறார். செங்கல் சுவர் என்றால் அஸ்திவாரம் வேண்டும். பலகையின் நடுவில் உளியால் அதற்குக் குழி, அதாவது வாணம், தோண்டுகிறார். உளி அடிவரைக்கும் இறங்கி, நிலையம் இருந்த இடத்தில் கை நுழைகிற ஓட்டை விழுகிறது.

இது நான் கட்டிய முடிவு இல்லை. போன வாரம் நடந்தது. ரெண்டு வாரம் எப்போதோ தாண்டிவிட்டது. அக்கா வந்து ஓட்டையைப் பார்த்தாள், கீழே குனிந்து அதன் வழியாக என்னையும் பார்த்தாள். இனி அதில் துணி விரித்தால் கத்தரி உள்ளே போய்விடும்.

இ) இது உங்களுக்கு. டாக்டர் மறுபடி வேன் கொண்டு வருகிறாரா, நிலையம் எழும்புகிறதா, அந்தத் தீக்குச்சிப் பெண் ரயில் ஏறுகிறாளா என்பதையெல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நேரான சுவர் எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு பத்தி எழுதவும் எனக்கு ஆசைதான். ஆனால் இந்த நிமிஷம் அடுத்த அறையில் அக்கா கட்டிலில் மண்டி போட்டுத் துணி வெட்டிக்கொண்டிருக்கிறாள். கத்தரி மெத்தையில் தட்டுகிற சத்தம் கேட்கிறது.

அவளுக்கு ஒரு மேசை தர வேண்டும். இன்னும் தரவில்லை.