பாவின் இறுக்கம்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, அன்றைக்கு அவளுக்கென்று அளந்துவைத்த அரை லிட்டர் தண்ணீரில் மூன்றாவது மடக்கை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் உட்கார்ந்திருந்தாள் சுபலட்சுமி. விழுங்கிவிட்டால் போயிற்று, அடுத்ததற்கு மத்தியானம்வரை காத்திருக்க வேண்டும். எதிரே, வீட்டு வாசலில், பழைய மாருதி காரின் வயிற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் தாராளமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கணவன் தனகோடி ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்துவிட்டிருந்தான். மோந்துபார்க்க வந்த தெரு நாயைக் கல்லெடுத்து விரட்டினான். தித்திப்பாக இருக்குமாம், குடித்தால் செத்துப்போகுமாம்.

ஒருவழியாக விழுங்கிவிட்டு, "அதுக்குத் தண்ணி நிக்கல, எனக்குத் தண்ணி போவல. நல்ல ஜோடியாத்தான் சேத்து வெச்சிருக்கீங்க" என்றாள்.

"ரெண்டையும் ஓட்டறவன் நான்தானே? சும்மா இரு" என்று சிரித்தான் தனகோடி.

சிரிக்கிற விஷயம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுடைய சிறுநீரகங்கள் கையை விரித்துவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு வேலூரில் டயாலிசிஸ். அதற்காகவே வாங்கிய கார் இது. போன செவ்வாய் திரும்பி வரும்போது கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில் பானட்டுக்குள்ளிருந்து புகை வந்தது. டிக்கியில் இருந்த கேன் தண்ணீரை ஊற்றி ஊற்றி, ஐந்து இடத்தில் நின்று, வீடு வந்து சேர்ந்தார்கள். மெக்கானிக் ஜெயச்சந்திரன் குனிந்து பார்த்துவிட்டு வாட்டர் பம்ப் போய்விட்டது என்றான். சொன்னவன் மறுநாளே குடும்பத்தோடு திருவண்ணாமலைக்குப் போய்விட்டான். வெள்ளிக்கிழமை தீபம். ஆரணியில் சக்கரம் வைத்த எல்லாமே மலைக்குப் போயிருந்தது. வாடகைக் கார் ஒன்றுகூடச் சிக்கவில்லை. பஸ்ஸில் நிற்க அவளால் ஆகாது. போன ஆடியில் நின்று பார்த்து, யாரோ ஒரு அம்மாளின் பூக்கூடைமேல் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் வெள்ளியை விட்டால் திங்கள்தான் என்றார்கள். மூச்சு முட்டினால் ஆம்புலன்ஸ் வரும். ஆனால் மூச்சு முட்டும்வரை காத்திருக்க வேண்டுமே. அவள் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். விழுந்த குழி எழுந்திருக்கவே இல்லை. பக்கத்துப் படுக்கை பொன்னம்மாள் ஒரே ஒரு தடவை வரவில்லை. அடுத்த வாரம் அந்தப் படுக்கையில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். நர்ஸிடம் கேட்டதற்கு, கையை நீட்டுங்க என்று ஊசியைப் பிரித்தாள்.

அதனால்தான் தனகோடி நானே மாற்றிவிடுகிறேன் என்று இறங்கினான். பிடிவாதக்காரன், ஆனால் கைகாரன். செல்போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றித் தாம்பாளத்தில் வரிசையாக வைத்தான். எஞ்சினையும் பம்பையும் ஒன்றாகச் சுற்றவைக்கிற பல்வைத்த பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால், எந்தப் பல் எங்கே உட்கார வேண்டும் என்று சுபலட்சுமியின் நகப்பூச்சால் புள்ளி வைத்துக்கொண்டான். அவளுடைய தண்ணீர் புட்டியில் வேளைக்கு இவ்வளவு என்று கோடு போட்டதும் அதே சிவப்புதான். புதன்கிழமையே வாங்கிவைத்த புதுப் பம்ப்போடு வந்த காகித வாஷர் வைக்கும்போதே கிழிந்துபோயிற்று. கடை எல்லாம் பூட்டு. தனகோடி கொஞ்சமும் அசரவில்லை. உள்ளே போய், தறிக்குமேல் பூவேலைக்கு மாட்டுகிற ஜக்கார்டு அட்டைகளில் பழையது ஒன்றை உருவிக்கொண்டு வந்தான். ஓட்டை இல்லாத பக்கமாகப் பார்த்து, பம்பை வைத்து வரைந்து, பிளேடால் அறுத்து, பசை தடவி உட்காரவைத்தான். கடையில் வாங்கினதைவிட நன்றாக இருந்தது. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று மணிக்கு பெல்ட்டை மாட்டும்போது ஜெயச்சந்திரன் போனில் கிடைத்தான். ஸ்பீக்கரில் போட்டான். பின்னால் கூட்டத்தின் இரைச்சல்.

"அண்ணே, பெல்ட்ட ரொம்ப இழுத்துடாதீங்க. ரெண்டு விரல்ல புடிச்சித் திருப்புனா கால்வாசி திரும்பணும். இறுக்கிட்டீங்கன்னா பம்பு பேரிங் தாங்காது. மொதல்ல சத்தம் போடும், அப்பறம் பிச்சிக்கும்."

"செரி செரி. நீ ஜல்தி போய் சாமியப் பாரு" என்று தனகோடி போனை வைத்தான்.

இரண்டு விரலால் திருப்பிப் பார்த்தான். கால்வாசி திரும்பியது. அவனுக்குப் பிடிக்கவில்லை. தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் தொய்ந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். கரை நெளியும், சேலை திரும்பி வரும். விடிந்து எழுந்ததும் பாவு இழைகளை நகத்தால் சுண்டி, அது சரியாகப் பேசினால்தான் அவன் தறியில் உட்காருவான். தொய்வு என்பதைப் பொறுக்காத கை அது. கடப்பாரையை உள்ளே விட்டு நெம்பி, பெல்ட்டை இழுத்துப்பிடிக்கிற உருளையைத் தள்ளிப் பிடித்து, திருகை முறுக்கினான். பிறகு பெல்ட்டைச் சுண்டினான். டொங்கென்றது. அப்போதுதான் அவன் முகம் தெளிந்தது.

"அவரு ரெண்டு விரல்னாரே" என்றாள்.

"இழுப்பப் பத்தி அவனுக்கு இன்னா தெரியும்? லூசா வுட்டா வழியில நழுவிக்கும். உன்ன வெச்சிகினு நடு ரோட்டுல நிக்கணுமா நானு?"

இழுப்பு விஷயத்தில் அவன் கையை அந்த வீட்டில் யாரும் கேள்வி கேட்டது கிடையாது. வீட்டில் தறி போட்ட நாளிலிருந்து அவனுக்கு இழை பிணைத்துக் கொடுத்தவள் அவள். உண்மையைச் சொன்னால், அவளுக்கும் இறுக்கமாக இருப்பதே சரியாகப்பட்டது.

வண்டி முதல் சாவியிலேயே கிளம்பியது. சூடு காட்டும் முள் பாதியில் போய் ஒழுங்காக நின்றது. அடியில் விரித்த தினத்தாளில் ஒரு சொட்டு இல்லை. எதிர்வீட்டு அய்யாக்கண்ணு வந்து பார்த்து, பட்டறை வைத்துவிடு தனகோடி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் சுபலட்சுமிக்கு அது கேட்டது. எஞ்சின் சத்தத்துக்கு உள்ளே, மெல்லிசாக, காதோரம் கொசு பாடுகிற மாதிரி.

"ஏங்க, கீச்சுனு ஒரு சத்தம் வருது."

"இன்னா சத்தம்?"

பதினைந்து வருடம் விசைத்தறிக் கொட்டகையில் வேலை பார்த்தவன் அவன். மெல்லிய சத்தங்கள் எல்லாம் அங்கேயே போய்விட்டன. குக்கர் விசிலைக்கூட அவள்தான் சொல்ல வேண்டும். அவளுக்கு உடம்பு முடியாமல் போனபிறகே வீட்டில் கைத்தறி போட்டான். ஆனாலும் பானட்டில் காதை வைத்து, கண்ணை மூடி, நேர்மையாகக் கேட்டான்.

"ஒன்னும் இல்லியே. புதுசு, அப்பிடித்தான் இருக்கும். ஓட ஓட செட் ஆவும்."

கன்னமெல்லாம் கிரீஸ். அந்தக் கறுப்புக்குள்ளே இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் இரண்டு வருடமாகப் பார்த்ததில்லை. ஜெயச்சந்திரனைக் கூப்பிட்டாள், லைன் போகவில்லை. மறுபடி கழற்றச் சொல்லலாம். கழற்றி, வேறு ஏதாவது உடைந்துபோனால்? இப்போது ஓடுகிறது. ஓடுகிற வண்டியைக் கழற்று என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. தன் உயிர்மேல் இருந்த ஆசைதான் அவள் வாயைக் கட்டிப்போட்டது.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். அவள் கால் நீட்டிக்கொள்ள முன்சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டான். டிக்கியில் இருந்த தண்ணீர் கேனை இறக்கி வாசலில் வைத்தான்.

"அது இருக்கட்டுமே."

"இனிமே இன்னாத்துக்கு அந்த பேஜாரு?"

சத்தம் வேகத்தோடு ஏறியது. மெதுவாகப் போங்க என்றாள். குறைத்தான், அதுவும் குறைந்தது.

"மூச்சு வாங்குதா?"

"இல்ல."

கண்ணமங்கலத்தில் பெரிய ரோட்டில் ஏறியதும் எதிரே வருகிற வண்டிகளுக்குக் கணக்கே இல்லை. பஸ், வேன், லாரி, எல்லாம் விளக்குப் போட்டுக்கொண்டு மலைக்குப் போயின. இந்தப் பக்கம் இவர்கள் மட்டும்தான். கீச்சென்று இருந்தது இப்போது கரகரவென்று அரைக்க ஆரம்பித்திருந்தது. காலுக்கடியில் அந்த அதிர்வு அவளுக்குத் தெரிந்தது. தனகோடி ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு வந்தான்.

"ஏழுக்குள்ள போய்டலாம் சுபா."

அவன் சொல்லி முடிக்கும்போது அந்த அரைக்கிற சத்தம் நின்றது. சட்டென்று, ஒன்றுமே இல்லாமல் போயிற்று. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகத் தித்திப்பான ஒரு வாசனை உள்ளே வந்தது. நேற்று நாயை விரட்டிய அதே தண்ணீர். பாதியில் நின்ற முள் மெல்ல நகர்ந்து, பாதியைத் தாண்டியது.

வேலூருக்கு இன்னும் இருபது கிலோமீட்டர். வெளியே இருபுறமும் வயல், ஒரு வீடு இல்லை.

டிக்கியில் கேன் இல்லை. சுபலட்சுமி மடியில் இருந்த புட்டியைப் பார்த்தாள். அரை லிட்டர், முதல் சிவப்புக் கோடுகூட இன்னும் குறையவில்லை. காலையிலிருந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் மூடியைத் திருகித் திறந்தாள், குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, வண்டிய ஓரங்கட்டுங்க" என்றாள்.